கல்விக்கூடமும் இசைநாடக மேடையும்

முன்னுரை

இயல், இசை, நாடகம் என மொழியை மூவகையாகப் பகுத்துக் கண்டவர் நம் முன்னோர். அம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே மேடையில் நிற்கும் கலைவடிவத்தை மேலைநாட்டார் ‘மியூசிக்கல்’ என்று வழங்குவர். நியூயார்க் நகரின் பிராட்வேயும் இலண்டன் மாநகரின் வெஸ்ட் எண்டும் இக்கலையின் தலைநகரங்கள் என்பதை யாவரும் அறிவர். ஆயின் அந்நகரங்களில் விளையும் பயிருக்கு நாற்றங்கால் பல நேரங்களில் பல்கலைக்கழக வளாகமே என்பதைப் பலர் அறியார்.

பகலில் வரலாறோ கணிதமோ கற்று, மாலையில் பாட்டும் நடனமும் பயின்று, நள்ளிரவில் கட்டுரை எழுதும் மாணவர் கூட்டம் ஒன்று அந்நாடுகளில் நூறாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறது. அவர்தம் அன்றாட வாழ்வு எத்தகையது? அவ்வார்வம் கல்விக்குத் துணையா, பகையா? பெற்றோரும் ஆசிரியரும் எல்லாக் காலத்தும் கேட்கும் இக்கேள்வி புறந்தள்ளத்தக்கதன்று. சான்றுகளைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசைநாடகம் என்பது யாது?

நம்மவர்க்கு இசைநாடகம் என்றவுடன் சங்கரதாஸ் சுவாமிகளின் மரபு நினைவிற்கு வருதல் இயல்பே. இங்கே பேசப்படுவது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த தனி மரபாகும். இதற்கு உறுப்புகள் மூன்று. கதையும் உரையாடலும் சேர்ந்த பனுவல் ஒன்று, பாடல் வரிகள் இரண்டு, இசையமைப்பு மூன்று. இம்மூன்றையும் ஒருவரே செய்தலும் உண்டு. மூவர் பகிர்ந்து செய்தலும் உண்டு. இவற்றோடு நடனமும் ஒளியமைப்பும் அரங்கப் பொருள்களும் சேர்கின்றன.

தொடக்கக் காலத்தில் கதை ஒருபுறமும் பாட்டு மறுபுறமுமாகக் கிடந்தன. கதைக்குத் தொடர்பில்லாத பாடலையும் நகைச்சுவையையும் இடையிடையே சேர்த்துவிடுவது வழக்கமாக இருந்தது. 1927-ஆம் ஆண்டில் அரங்கேறிய ‘ஷோ போட்’ இந்நிலையை மாற்றத் தொடங்கியது. நிற வேற்றுமை என்னும் கனத்த பொருளைக் கதையின் நடுவே வைத்தது அந்நாடகம். 1943-ஆம் ஆண்டில் வந்த ‘ஓக்லஹோமா’ பாட்டும் நடனமும் கதையை முன்னே நகர்த்த வேண்டும் என்னும் நெறியை நிலைநிறுத்தியது. அந்நாடகம் பிராட்வேயில் 2,212 முறை தொடர்ந்து நடிக்கப்பெற்றது.

பேச்சால் தாங்கவொண்ணாத உணர்ச்சி எழுகின்ற இடத்தில் பாத்திரம் பாடத் தொடங்க வேண்டும். பாட்டாலும் தாங்கவொண்ணாத நிலையில் ஆடத் தொடங்க வேண்டும். இதுவே இக்கலைஞர் போற்றும் அடிப்படை விதி. நாடகத்தின் தொடக்கத்தில் தலைமைப் பாத்திரம் தன் வேட்கையை வெளியிடும் பாடல் ஒன்று வரும். இறுதிப் பகுதியில் அவையினரை எழுப்பி உட்காரவைக்கும் ஆற்றல்மிக்க பாடல் ஒன்று வரும். அதற்குப் ‘பதினொரு மணிப் பாடல்’ என்பது பெயர். இரவு எட்டரை மணியளவில் தொடங்கிய நாடகங்கள் பதினொரு மணியளவில் முடிவை நெருங்கிய அக்கால வழக்கத்தினால் வந்த பெயர் அது. நாடகங்கள் தொடங்கும் நேரம் மாறிய பின்னரும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மாணவர் அமைத்த மேடைகள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவர் நாடகக் கழகம் ஒன்று 1855-ஆம் ஆண்டு தோன்றியது. அதன் பெயரைத் தாங்கிய ஏ.டி.சி. அரங்கம் மாணவர்களின் கைவண்ணத்தாலேயே பெரிதும் இயங்குகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ‘டிரையாங்கிள் கிளப்’ 1891-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ‘வார்சிட்டி ஷோ’ என்னும் ஆண்டு விழா நாடகம் 1894-ஆம் ஆண்டு தொடங்கியது. பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்குப் பணம் திரட்டுவதே அதன் முதல் நோக்கம். விளையாட்டுக்காகத் தொடங்கிய அந்நாடகமே பின்னர் அமெரிக்க இசைநாடக வரலாற்றின் போக்கை மாற்றியது என்பது ஈண்டு எண்ணி மகிழத்தக்கது.

கொலம்பியாவின் மூவர்

ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் நாடகக் குடும்பத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்தவர். அவர்தம் பாட்டனார் இசை அரங்குகளைக் கட்டி நடத்தியவர். தந்தையாரும் அரங்க மேலாளர். அவ்வாறிருந்தும், மகன் நாடகத்துறைக்கு வருவதைத் தந்தையார் விரும்பவில்லை. தாமே அத்துறையின் ஏற்றத்தாழ்வுகளைக் கண்டவராதலின் மகனைச் சட்டம் பயில அனுப்பினார். கொலம்பியாவில் சட்டக் கல்விக்கான பாதையில் சென்ற ஹாமர்ஸ்டைன், தந்தை மறைந்த பின்னர் வார்சிட்டி ஷோவில் நடிக்கவும் எழுதவும் தொடங்கினார். 1917-ஆம் ஆண்டில் சட்டப் படிப்பை விடுத்து, தந்தையின் உடன்பிறந்தாரான ஆர்தரின் நாடகக் குழுவில் மேடைப் பணியாளராகச் சேர்ந்தார்.

அதே காலத்தில் ரிச்சர்ட் ரோஜர்ஸ் என்னும் சிறுவர், கொலம்பியாவில் பயின்ற தம் தமையனாருடன் வார்சிட்டி ஷோ காணச் சென்றார். மேடையில் நடித்த ஹாமர்ஸ்டைனுக்கு அறிமுகமும் பெற்றார். அந்த மேடைக்கு இசையமைக்க வேண்டும் என்னும் ஆவலே ரோஜர்ஸைப் பின்னர் அதே பல்கலைக்கழகத்திற்கு அழைத்து வந்தது எனலாம். 1920-ஆம் ஆண்டில், முதலாண்டு மாணவராக இருந்தபோதே, ‘ஃபிளை வித் மீ’ என்னும் வார்சிட்டி ஷோவிற்கு அவர் இசையமைத்தார். பாடல் எழுதியவர் லாரன்ஸ் ஹார்ட். இவர் ரோஜர்ஸைவிட ஏழாண்டு மூத்தவர். கொலம்பியாவில் பயின்று வெளியேறியவர்.

இவ்வெற்றியால் வாழ்வு உடனே மலர்ந்துவிடவில்லை. ரோஜர்ஸ் இரண்டாண்டிற்குப் பின் கொலம்பியாவை விட்டு, பிற்காலத்தில் ஜூலியார்ட் எனப் புகழ்பெற்ற இசைக் கல்வி நிலையத்தில் முறையாக இசை பயின்றார். அதன் பின்னரும் வாய்ப்பின்றி வாடினார். குழந்தைகளின் உள்ளாடைகளை விற்கும் வணிகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடலாமா என்று எண்ணியிருந்த வேளையில்தான், 1925-ஆம் ஆண்டு ‘காரிக் கேயட்டீஸ்’ என்னும் நிகழ்ச்சி ரோஜர்ஸ், ஹார்ட் இருவர்க்கும் புகழ் தேடித் தந்தது. பின்னர் 1943-இல் ரோஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் இணைந்து படைத்ததே மேலே சுட்டிய ‘ஓக்லஹோமா’. 1959-ஆம் ஆண்டில் வந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இவ்விருவரின் இறுதிப் படைப்பு. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்டு விழா மேடை, இருவேறு காலங்களில் இருவேறு இணையரை உருவாக்கியது போற்றத்தக்கது.

கண்டிப்பான ஆசான், கற்க விழைந்த மாணவர்

ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் 1930-ஆம் ஆண்டு பிறந்தவர். பெற்றோர் பிரிந்த துயரத்தில் வளர்ந்த அவருக்கு அருகில் வாழ்ந்த ஹாமர்ஸ்டைன் குடும்பம் இரண்டாம் இல்லமாயிற்று. பள்ளி மாணவராக இருந்தபோது தாம் எழுதிய இசைநாடகத்தை ஹாமர்ஸ்டைனிடம் கொடுத்து, முன்பின் அறியாதவர் எழுதியதாக எண்ணி மதிப்பிடுமாறு வேண்டினார். அவ்வாறு எண்ணினால் இது தாம் படித்தவற்றுள் மிக மோசமானது என்று கூறினார் ஹாமர்ஸ்டைன். அத்தோடு விடவில்லை. ஏன் மோசமானது என்பதை முதல் பக்கத்திலிருந்து வரிவரியாக விளக்கினார். அந்த ஒரு பிற்பகலில் தாம் கற்றது பலர் வாழ்நாள் முழுதும் கற்காதது என்று சோண்ட்ஹைம் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

தொடர்ந்து ஹாமர்ஸ்டைன் நான்கு பயிற்சிகள் கொடுத்தார். தனக்குப் பிடித்த நல்ல நாடகம் ஒன்றை இசைநாடகமாக்குதல் முதற்பயிற்சி. குறையுள்ள நாடகம் ஒன்றை எடுத்துக் குறை களைந்து இசைநாடகமாக்குதல் இரண்டாவது. நாடகமல்லாத கதை ஒன்றை மேடைக்கு ஏற்றவாறு மாற்றுதல் மூன்றாவது. முழுவதும் சொந்தக் கற்பனையில் படைத்தல் நான்காவது. எளிதினின்று அரிதிற்குச் செல்லும் இம்முறை எத்துறை ஆசிரியர்க்கும் வழிகாட்டும் தகையது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ் கல்லூரியில் பயின்றபோது சோண்ட்ஹைம் இப்பயிற்சிகளைச் செய்யலானார். முதற்பயிற்சியின் விளைவான ‘ஆல் தட் கிளிட்டர்ஸ்’ 1949-இல் அக்கல்லூரியிலேயே மேடையேறியது. அங்கு இராபர்ட் பாரோ என்னும் இசைப் பேராசிரியர், இசை வானிலிருந்து இறங்கும் அருள் என்னும் மயக்கத்தைக் களைந்து, அது கணக்கும் உழைப்பும் கூடிய கைத்தொழில் என்பதைக் கற்பித்தார். கணிதத்தில் நாட்டமுடைய சோண்ட்ஹைமுக்கு அது கண்திறப்பாயிற்று. 1957-ஆம் ஆண்டு ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’க்குப் பாடல் எழுதிய அவர், 2021-ஆம் ஆண்டு மறையும்வரை இக்கலையின் பேராசானாகவே மதிக்கப்பெற்றார்.

ஒரு மாணவரின் அன்றாடம்

புகழ்பெற்றோர் வரலாறு ஒருபுறம் இருக்க, பெயர் அறியப்படாத ஆயிரக்கணக்கான மாணவர்களின் அன்றாட வாழ்வே நாம் உற்று நோக்கத்தக்கது. கேம்பிரிட்ஜில் ஒரு பருவத்தின் பாடநாள்கள் எட்டு வாரங்களே. அந்த எட்டு வாரங்களுக்குள் விரிவுரைகள், ஆசிரியரிடம் நேரில் விளக்க வேண்டிய கட்டுரைகள், நூலகப் பணி அனைத்தும் முடிய வேண்டும். இவற்றிற்கு இடையேதான் நாடகமும் நடைபெற வேண்டும்.

முதலில் தேர்வு. விரும்பியவர் அனைவரும் வந்து ஒரு பாடல் பாடி, ஒரு பகுதியை நடித்துக் காட்டுவர். பலர் வருவர், சிலரே தேர்வு பெறுவர். பின்னர் ஒத்திகை. காலையில் விரிவுரை கேட்டவர் மாலையில் கிடைத்த அறை எதுவாயினும் அங்குக் கூடுவர். ஒரு பியானோவும் ஒருவர் வாசிப்புமே அப்போதைய துணை. முதல் வாரங்களில் பாடல்களைக் குரல் பிரித்துக் கற்பர். பின்னர் நடன அடிகள். அதன்பின் காட்சிகளின் இயக்கம். ஒரே வரியைப் பாடிக்கொண்டே ஆடி, மூச்சு வாங்காமல் வசனமும் பேச வேண்டுமாதலின் உடற்பயிற்சியும் ஒழுங்கான உறக்கமும் இன்றியமையாதன.

மேடையில் தோன்றாதவர் தொகையும் பெரிது. இயக்குநர், இசை இயக்குநர், நடன அமைப்பாளர், ஒளியமைப்பாளர், உடை தைப்பவர், அரங்கப் பொருள் செய்பவர், சுவரொட்டி ஒட்டுபவர், கணக்கு வைப்பவர் ஆகிய யாவரும் மாணவரே. இவருள் மேடை மேலாளரின் பணி தனிச்சிறப்புடையது. எந்தச் சொல்லில் விளக்கு மாற வேண்டும், எந்தச் சுரத்தில் திரை நகர வேண்டும் என்பதைப் பனுவலில் குறித்து வைத்து, நாடகம் நடக்கும்போது ஒவ்வொன்றிற்கும் ஆணையிடுபவர் அவரே. கைதட்டல் அவருக்கு வருவதில்லை. அவர் ஒரு நொடி தவறினால் மேடை முழுதும் தடுமாறும். மேடையின் முன்புறப் பள்ளத்திலோ பின்புறத்திலோ அமர்ந்த இசைக்குழுவினரும் அவ்வாறே. புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் மூன்றையும் ஒரே மாணவர் மாற்றி மாற்றி வாசிப்பதும் உண்டு.

நாடகத்திற்குச் சில நாள் முன்னர், நடிகர்கள் ஆடாமல் அசையாமல் அமர்ந்து, முதன்முறையாக முழு இசைக்குழுவோடு பாடிப் பார்ப்பர். இதனை ‘சிட்ஸ்புரோபே’ என்னும் ஜெர்மன் சொல்லால் குறிப்பர். பல வாரங்களாகப் பியானோ ஒன்றோடு பழகிய பாடல், நரம்பும் காற்றும் தோலும் கூடிய பேரிசையோடு எழும் அந்த மாலையையே இம்மாணவர் பலரும் ஆண்டின் இனிய பொழுதாகக் கருதுவர். அடுத்துவரும் நாள்களில் ஒளி, ஒலி, உடை யாவும் சேர்த்து நள்ளிரவு வரை சரிபார்ப்பர். ஏ.டி.சி. அரங்கில் மாலை நாடகம் முடிந்த பின் இரவு பதினொரு மணிக்கு வேறொரு குழுவின் நாடகம் தொடங்குவதும் வழக்கம். இறுதி நாளன்று திரை விழுந்ததும் நடிகரும் சுத்தியல் எடுத்து அரங்கமைப்பைக் கழற்றுவர். அரசராக நடித்தவர் பலகை சுமப்பார். மறுநாள் காலை விரிவுரை வழக்கம்போலத் தொடங்கும்.

சிறுவேடத்தில் பிறந்த பெருவாழ்வு

விரும்பிய வேடம் கிடைக்காத ஏமாற்றமே சிலர்க்கு வழி திறந்ததுண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசைநாடகம் பயின்ற பெஞ்ச் பாசெக், ஜஸ்டின் பால் என்னும் இருவர்க்கும் மாணவர் நாடகம் ஒன்றில் சிறு வேடங்களே கிடைத்தன. மனம் வாடிய அவர்கள், தமக்கு வேண்டிய பாடல்களைத் தாமே எழுத முடிவு செய்தனர். 2005-இல் பிறந்த ‘எட்ஜஸ்’ என்னும் அப்பாடல் தொகுதி பல கல்லூரிகளுக்கும் பரவியது. 2017-ஆம் ஆண்டில், ‘லா லா லேண்ட்’ திரைப்படப் பாடல் வரிகளுக்காக ஆஸ்கர் விருதும், ‘டியர் எவன் ஹேன்சன்’ இசைநாடகத்திற்காக டோனி விருதும் அவர்களை வந்தடைந்தன.

கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு பயின்ற லின் மானுவேல் மிராண்டா, 1999-இல் ‘இன் தி ஹைட்ஸ்’ நாடகத்தின் முதல் வரைவை எழுதினார். இலத்தீன் அமெரிக்க வழியினர் செறிந்து வாழும் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியின் வாழ்வை, அம்மக்களின் சல்சா இசையிலும் ராப் நடையிலும் வடித்தார். மாணவர் நாடகக் குழுவே அதனை முதலில் மேடையேற்றியது. பலமுறை திருத்தி எழுதப்பெற்று அது பிராட்வேயை அடைந்தது 2008-ஆம் ஆண்டில். இடையே அவர் தாம் பயின்ற பள்ளியில் ஆசிரியப் பணியும் ஆற்றினார். 2015-இல் வந்த ‘ஹாமில்டன்’ அவரை உலகறியச் செய்தது.

கேம்பிரிட்ஜில் டோபி மார்லோ, லூசி மாஸ் இருவரும் இறுதியாண்டுப் படிப்பின் நடுவே எழுதியது ‘சிக்ஸ்’. எட்டாம் ஹென்றி மன்னரின் ஆறு மனைவியரும் இசைக்குழுவாகத் தோன்றித் தத்தம் கதையைத் தாமே பாடுவதாக அமைந்தது அது. 2017-ஆம் ஆண்டு எடின்பரோ நாடக விழாவில் மாணவரே நடித்தனர். வரலாற்று வகுப்பில் ஒரு மன்னரின் பெயருக்குப் பின்னே வரிசை எண்களாக நின்ற பெண்டிர்க்குக் குரல் கொடுத்தது அந்நாடகம். 2020 மார்ச் 12 அன்று பிராட்வேயில் தொடங்கவிருந்த வேளையில், பெருந்தொற்றால் அரங்குகள் அன்றே மூடப்பட்டன. பொறுத்திருந்து 2021 அக்டோபரில் திறந்த அந்நாடகத்தின் பாடலிசைக்கு 2022-இல் டோனி விருது கிட்டியது.

பொருளில்லார்க்கும் இடமுண்டா?

பிராட்வே நுழைவுச்சீட்டு மாணவர்க்கு எட்டாக்கனியே. இதனை உணர்ந்து 1996-இல் ‘ரென்ட்’ நாடகத்தார் முதல் இரண்டு வரிசை இருக்கைகளை இருபது டாலருக்கு வழங்கினர். விலையுயர்ந்த இருக்கைகளை இளைஞர்க்கு ஒதுக்கிய அச்செயல் பிற நாடகங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. அந்நாடகத்தைப் படைத்த ஜொனதன் லார்சன் உணவகத்தில் பரிமாறிப் பிழைத்தவர். முதல் காட்சி நாளன்றே மறைந்தவர். அரங்கிற்கே செல்ல இயலாதார்க்கு நடிகர் குரலிலேயே பதிவான இசைத்தட்டு துணையாயிற்று. ‘ஓக்லஹோமா’வின் பதிவு 1943-இல் வெளிவந்து இவ்வழக்கத்தைப் பரப்பியது. நாடகத்தைக் காணாமலேயே அதன் பாடல் முழுவதையும் மனப்பாடமாக அறிந்த மாணவர் பலர். நூலகத்திற்கு நடக்கும் வழியிலும் துணி துவைக்கும் பொழுதிலும் அவர்தம் செவியில் ஓடுவது அதுவே.

இழப்பும் உண்டு

நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்டுதல் கடமையாகும். பிரின்ஸ்டனில் 1913-இல் சேர்ந்த ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு, டிரையாங்கிள் கிளப்பின் நாடகங்களுக்குப் பாடல் எழுதுவதில் மூழ்கிப் பாடங்களைக் கைவிட்டார். மதிப்பெண் குறைந்ததால், தாம் உயிரெனக் கருதிய அக்கழகத்தின் பொறுப்பையே ஏற்கவியலாத நிலைக்கு ஆளானார். பட்டம் பெறாமலேயே 1917-இல் படையில் சேர்ந்தார். பின்னாளில் பெரும் நாவலாசிரியரானார் எனினும், அந்த இழப்பின் வடு அவர் உள்ளத்தில் ஆறவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு பயிலச் சேர்ந்த ஆண்ட்ரூ லாயிட் வெபர் ஒரே பருவத்தில் வெளியேறினார். வென்றார் என்பது உண்மை. 2002-இல் நம் ஏ.ஆர். ரகுமானின் இசையில் ‘பாம்பே டிரீம்ஸ்’ நாடகத்தை இலண்டனில் தயாரித்தளித்தவரும் அவரே. ஆயின் வெளியேறி வென்ற ஒருவரின் பெயரை உலகம் அறியும். வெளியேறித் தோற்றவர் எத்தனை பேர் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. இதனை மாணவர் மறத்தலாகாது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் ஓர் உண்மை புலனாகும். சோண்ட்ஹைமுக்கு மேடை மற்றுமொரு வகுப்பறையாக இருந்தது. மிராண்டா ஒன்பதாண்டு திருத்தினார். ‘சிக்ஸ்’ படைத்தோர் வரலாற்றுப் பாடத்தையே பாட்டாக்கினர். இவர்பால் கல்வியும் கலையும் ஒன்றையொன்று உண்ணாமல் ஒன்றற்கொன்று உரமாயின. ஃபிட்ஸ்ஜெரால்டிடம் ஒன்று மற்றொன்றை விழுங்கியது. எனவே வேறுபாடு ஆர்வத்தில் இல்லை. ஆர்வத்தைத் தாங்கும் ஒழுங்கில் உள்ளது.

மாணவர் மேடையில் ஏறியவருள் பெரும்பாலோர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவுமே வாழ்கின்றனர். குறித்த நேரத்தில் வருதல், பிறர் குரலைக் கேட்டுத் தம் குரலை அளவாக்குதல், சிறுவேடத்தையும் செம்மையாகச் செய்தல், கைதட்டல் ஓய்ந்த பின் பலகை சுமத்தல் ஆகிய இவை அவர்கள் அம்மேடையில் பெற்ற பட்டங்கள். பெற்றோர் கேட்கும் கேள்விக்கு மாணவர் தரத்தக்க மறுமொழி மறுநாள் காலை விரிவுரையில் அவர் அமர்ந்திருக்கும் இருக்கையே ஆகும். அவ்விருக்கை நிறைந்திருக்குமாயின் மேடையை மறுப்பார் யார்? ஆர்வமுள்ள மாணவர்க்கு ஹாமர்ஸ்டைன் போன்றதோர் ஆசான் வாய்க்க வேண்டும். குறையைச் சொல்லி, அதனைக் களையும் வழியையும் கற்பிக்க ஒரு பிற்பகலை அவர் ஒதுக்க வேண்டும். அத்தகைய ஆசிரியரும் மாணவரும் கூடும் கல்விக்கூடத்தில் இயலும் இசையும் நாடகமும் ஒருங்கே தழைக்கும் என்பது திண்ணம்.